குழந்தைகளின் சொத்தைப்பல்: எவ்வளவு சுரண்டுவது, எவ்வளவு விட்டுவைப்பது?

சிறு குழந்தைகளின் பற்சொத்தையை அகற்றும் முறைகளைப் பற்றிப் பெற்றோர்கள், ஒரு தாத்தா, ஓர் ஆசிரியை, படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள ஒரு பல் மருத்துவ மாணவி ஆகியோர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். குழந்தைகளுக்கான பல் மருத்துவம்தான் என் தொழில் என்றாலும், குழந்தையின் வாயைப் பார்க்காமல் இதுதான் சிகிச்சை என்று எழுத்தில் முடிவு சொல்ல இயலாது. எந்த முறை எதற்காகச் செய்யப்படுகிறது, அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை விளக்கலாம்.

கேள்வி: என் நான்கு வயது மகனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. ஒரு மருத்துவர் மெஷின் வைத்து எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் ஜெல் தடவிச் சுரண்டி எடுக்கலாம் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. அவை செய்கிற வேலைதான் வேறு வேறு. காற்றின் விசையால் சுழலும் டிரில் நிமிடத்திற்கு 3,00,000 சுற்றுகளுக்கு மேல் ஓடும். பல்லின் கடினமான மேலோடான எனாமலைத் திறப்பதற்கு அதைப் போல விரைவான கருவி இல்லை. ஆனால் எது அழுகிய பகுதி, எது நல்ல பகுதி என்று அதற்குத் தெரியாது. பிடித்திருக்கும் கைதான் அதை அறிய வேண்டும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் நுண்ணிய குழாய்கள், பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதியான பல்கூழை நோக்கிச் செல்கின்றன. அதிர்வும் சூடும் தண்ணீரின் குளிர்ச்சியும் அவற்றின் வழியே வலியாகப் போய்ச் சேரும். அதனால்தான் டிரில் ஆழமாகப் போகும்போது மரப்பு ஊசி பெரும்பாலும் தேவைப்படுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு ஊசியும் அந்தச் சத்தமும் சேர்ந்து எவ்வளவு பெரிய சுமை என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

ஜெல் முறையில் ரசாயனம் பாதி வேலையைச் செய்கிறது, கை மீதியைச் செய்கிறது. 1990களின் இறுதியில் சுவீடனிலிருந்து வந்த காரிசால்வ் என்ற ஜெல்லில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் மூன்று அமினோ அமிலங்களும் கலந்திருக்கும். 2003-ல் பிரேசிலில் உருவான பாப்பகாரி, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் பப்பைன் என்ற நொதியை அடிப்படையாகக் கொண்டது. இரண்டுமே, சொத்தையால் ஏற்கெனவே சிதைந்துபோன, டென்டினின் சட்டகமான கொலாஜன் என்ற புரத நார்களை மேலும் இளக்கிவிடுகின்றன. கெடாத நார்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. குழிக்குள் ஜெல்லை வைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருந்தால் தெளிவாக இருந்த ஜெல் கலங்கத் தொடங்கும். கூரில்லாத சிறு கருவியால் அதை வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் புது ஜெல் வைப்போம். எந்தச் சுற்றில் ஜெல் கலங்காமல் தெளிவாகவே இருக்கிறதோ, அந்தச் சுற்றில் நிறுத்தலாம். 

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது, ஜெல் முறையில் வலி குறைவு, ஊசியின் தேவையும் குறைவு, ஆனால் நேரம் கூடுதல் என்பதுதான். இன்னொரு வரம்பும் உண்டு. ஜெல் எனாமலைக் கரைக்காது. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே பெரிய குழி என்றால், குழியின் வாயைத் திறக்க டிரில் வேண்டியே இருக்கும். உங்கள் மகனின் பல்லில் குழி ஏற்கெனவே அகலமாகத் திறந்திருந்தால் கையால் சுரண்டுவதையோ ஜெல்லையோ நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். நான்கு வயதில் ஐந்து நிமிடம் கூடுதலாக வாயைத் திறந்திருப்பதும் சில குழந்தைகளுக்குக் கடினம் என்பதையும் சேர்த்துத்தான் உங்கள் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பப்பாளி சாப்பிட்டால் உதடு வீங்கும். மகளுக்கு அந்த ஜெல் வைக்கலாமா?

பதில்: மகளுக்கு அப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால், அல்லது பலூன், ரப்பர் கையுறை போன்றவற்றால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், பப்பைன் ஜெல் வேண்டாம். ரப்பர் பாலுக்கும் பப்பாளிப் பாலுக்கும் குறுக்கு ஒவ்வாமை உண்டு. அவளுக்கு எதுவும் நேர்ந்ததில்லை என்றாலும் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஒவ்வாமையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகளுக்குப் பல் அடைத்த மருத்துவர், "அடியில் கொஞ்சம் சொத்தையை விட்டுத்தான் அடைத்திருக்கிறேன்" என்று அவராகவே சொன்னார். அழுக்கை உள்ளே வைத்து மூடிவிட்டதாக என் மனம் ஆறவில்லை. இது சரியான சிகிச்சையா?

பதில்: சரியான சிகிச்சைதான். அதை உங்களிடம் வெளிப்படையாகச் சொன்னதற்காகவும் அவரை நம்பலாம். முறைகளை ஒப்பிடும்போது எல்லோரும் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள். எவ்வளவு எடுப்பது என்ற கேள்விதான் பல்லின் ஆயுளைக் கருவியைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டென்டினில் உள்ள சொத்தை ஒரே சீரானது அன்று. மேலே இருப்பது பாக்டீரியா நிறைந்து ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும் பகுதி. அதன் நார்கள் சிதைந்துவிட்டன, அது இனித் தேறாது. அதற்கு அடியில் இருப்பது அமிலத்தால் தாதுக்களை இழந்திருந்தாலும் நார்ச்சட்டகம் கெடாத பகுதி. அங்கே பாக்டீரியா குறைவு, அது மீண்டும் தாதுக்களை ஏற்று இறுகக்கூடியது. இந்த இரண்டு அடுக்குகளையும் 1970களில் ஜப்பானியப் பேராசிரியர் புசயாமாவும் அவரது குழுவினரும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஸ்பூன் வடிவச் சிறு கருவியால் சுரண்டும்போது கையே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும். முதலில் ஈரமான செதில்கள் பாலாடை போலச் சுருண்டு எந்த அழுத்தமும் இல்லாமல் வரும். பிறகு ஊறிய தோலைச் சுரண்டுவது போலச் சற்று இழுவையோடு வரும். அதற்கும் கீழே போனால் கருவி வழுக்கும், கீச்சென்று வறண்ட ஓசை கேட்கும். அது கெட்டியான டென்டின். பழைய காலப் பாடம், எங்கும் அந்தக் கீச்சொலி கேட்கும்வரை சுரண்டு என்பதுதான்.

பால் பற்களில் அந்தப் பாடம் பெரும் சேதம் விளைவித்தது. அவற்றின் எனாமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன்தான், நிரந்தரப் பல்லில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. உள்ளே பல்கூழோ பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது; அதன் கொம்பு போன்ற நுனிகள் மேற்பரப்புக்கு மிக அருகே நீட்டிக்கொண்டிருக்கும். ஆழமான சொத்தையில் அடித்தளத்தைக் கெட்டியாகும்வரை சுரண்டினால் பல்கூழ் திறந்துகொள்ளும். அதன் பின், எளிய அடைப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல்கூழ்ச் சிகிச்சைவரை நீண்டுவிடும். 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் இணைந்து வெளியிட்ட கருத்தொற்றுமைப் பரிந்துரைகள் அந்தப் பழைய பாடத்தை, அதாவது முழுமையாகச் சுரண்டி எடுப்பதை, தேவைக்கு மிஞ்சிய சிகிச்சை என்றே கூறின.

இன்றைய நடைமுறையில் குழியின் ஓரங்கள் சுற்றிலும் கெட்டியாகும்வரை சுத்தம் செய்யப்படும், ஏனெனில் அடைப்பு ஒட்ட வேண்டியது அங்கேதான். பல்கூழுக்கு அருகில் உள்ள அடித்தளத்தில் மட்டும் மென்மையான அல்லது தோல் போன்ற பகுதியை விட்டுவைத்து, அதன் மேல் கசிவில்லாமல் அடைக்கப்படும். உள்ளே சிக்கிய பாக்டீரியாவுக்கு வெளியிலிருந்து சர்க்கரை கிடைப்பதில்லை. உணவில்லாமல் அவற்றில் பெரும்பாலானவை அழிகின்றன, எஞ்சியவை செயலிழந்து கிடக்கின்றன, அடித்தளமும் நாளடைவில் இறுகுகிறது. சொத்தை ஆழமில்லாத பல்லில் அப்படி விட்டுவைக்கக் காரணமே இல்லை. ஆழமான பல்லுக்கு மட்டுமே இந்தச் சலுகை. அதிலும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் வீக்கம், எக்ஸ்ரேயில் வேரருகே கருமை ஆகியவை எதுவும் இல்லாத பல்லுக்கு மட்டுமே.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது உள்ளே இருப்பதைப் பற்றியன்று, மேலே உள்ள அடைப்பைப் பற்றி. ஓரத்தில் விரிசலோ இடைவெளியோ தெரிந்தால், அடைப்பு விழுந்துவிட்டால், காத்திருக்காமல் போங்கள்.

கேள்வி: மாணவி எழுதுகிறேன். சொத்தையைக் காட்டும் சாயத்தைப் போட்டு, நிறம் பிடித்த இடமெல்லாம் எடுத்துவிட்டால் சந்தேகமே இல்லையே?

பதில்: அந்தச் சாயம் பாக்டீரியாவை அடையாளம் காட்டுவதில்லை. தாது குறைந்து, நுண்துளை கூடிய இடத்தில் அது ஊறுகிறது. எனாமலும் டென்டினும் சேரும் எல்லையிலும் பல்கூழை ஒட்டிய டென்டினிலும் நல்ல பல்கூட இயல்பாகவே நிறம் பிடிக்கும். நிறம் போகும்வரை எடுத்தால் நல்லதையும் எடுப்பீர்கள், பல்கூழையும் திறப்பீர்கள். பழுப்பு நிறத்தையும் நம்பாதீர்கள், ஆண்டுக்கணக்கில் வளராமல் நின்றுபோன சொத்தை கன்னங்கரேலென்று கல்லைப் போல இருக்கும். அழுத்தாமல் சுரண்டிப் பார்த்து விரலில் உணரப் பழகுங்கள். பிடுங்கிய பற்களில் நூறு முறை பழகினாலும் தகும்.

கேள்வி: லேசரில் வலியே இல்லை என்று விளம்பரம் பார்த்தேன். காற்றோடு பொடியை அடித்துச் சுத்தம் செய்வதும் உண்டாமே. கொஞ்சம் தொலைவு பயணம் செய்தாவது அவற்றைச் செய்துகொள்வது மேலா?

பதில்: பல்லின் கடினப் பகுதியை வெட்டப் பயன்படும் எர்பியம் யாக் லேசரின் அலைநீளம் 2940 நானோமீட்டர். அதைத் தண்ணீர் மிக நன்றாக உறிஞ்சும். சொத்தையில் நல்ல டென்டினைவிடத் தண்ணீர் அதிகம் என்பதால், ஒளித்துடிப்பு பட்டவுடன் அந்த நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி வெடித்து, சொத்தையைத் துகள்களாகத் தள்ளுகிறது. அமெரிக்காவில் இதற்கு 1997-ல் அனுமதி கிடைத்தது. டிரில்லின் அதிர்வு இதில் இல்லை, பல குழந்தைகளுக்கு ஊசி இல்லாமலே முடிந்துவிடுகிறது. ஆனால் வலியே இல்லை என்பது மிகை. வலி குறைவு என்பதுதான் உண்மை. பட்பட்டென்று ஓசை கேட்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், நேரம் டிரில்லைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். அடைப்பு நீடிப்பதில் லேசர் மேலானது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. பொடி அடிக்கும் முறையில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் விசையோடு மோதுகின்றன. விந்தை என்னவென்றால், அவை கெட்டியான எனாமலை நன்றாக அரிக்கும். தோல் போன்ற மென்சொத்தையில் பட்டால் விசை இழந்துவிடும். ஆகவே சிறு பள்ளங்களைச் சுத்தம் செய்ய அது உதவும், ஆழ்ந்த சொத்தைக்கு உதவாது. இவற்றுக்காகத் தொலைவு போவதைவிட, குழந்தை பயமில்லாமல் உட்காரும் ஒரு மருத்துவரிடம் அருகிலேயே அடிக்கடி போவது பயன் தரும்.

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. எப்படியும் விழப்போகிற பற்களுக்கு இத்தனை சிகிச்சை எதற்கு என்று கேட்டால் வீட்டில் என்னைக் கோபிக்கிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அது எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. கீழ் முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும். ஆடத் தொடங்கிவிட்ட பல்லில் வலியில்லாத சொத்தை இருந்தால் நானும் தொடமாட்டேன். ஆனால் பின்னால் உள்ள பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. பேத்தி இன்னும் நான்கைந்து ஆண்டுகள் அவற்றால்தான் மெல்லப்போகிறாள். ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல், முன்னால் இருக்கும் பல் முன்கூட்டியே போய்விட்டால் அந்த இடத்தை நோக்கி நகர்ந்து, பிறகு அங்கே முளைக்க வேண்டிய பல்லின் வழியை அடைத்துவிடும். வேரடியில் சீழ் வைத்தால் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலிலும் தழும்பு விழக்கூடும்.

கேள்வி: சொத்தையைத் துளியும் எடுக்காமல், ஊசியும் போடாமல், பல்லின் மேல் ஒரு ஸ்டீல் கேப்பை அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார் எங்கள் மருத்துவர். நம்பவே முடியவில்லை.

பதில்: அதற்கு ஹால் முறை என்று பெயர். ஸ்காட்லாந்தில் பொதுப் பல் மருத்துவராக இருந்த நோர்னா ஹால் தம் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் செய்துவந்தது பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. அங்கு நடந்த ஒப்பீட்டு ஆய்வின் முதல் முடிவுகள் 2007-ல் வெளியாயின. கேப் மாட்டிய பற்களில் வழக்கமான அடைப்புகளைவிட வலியும் தோல்வியும் குறைவாகவே இருந்தன. அடியில் சொத்தையை விட்டு அடைப்பது பற்றிய பதிலில் சொன்ன அதே தத்துவம்தான் இது, முழு எல்லைவரை கொண்டுசெல்லப்பட்டது: பாக்டீரியாவை எடுப்பதற்குப் பதிலாகப் பல் முழுவதையும் மூடி அதன் உணவை நிறுத்துவது.

பற்கள் நெருங்கி இருந்தால் சில நாட்களுக்கு முன் இடையில் சிறு ரப்பர் வளையங்களைச் செருகி இடம் உண்டாக்குவோம். பிறகு சரியான அளவுள்ள கேப்பைத் தேர்ந்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை நிரப்பி, விரலால் அழுத்தி உட்காரவைத்து, குழந்தையையே கடிக்கச் சொல்வோம். ஈறு சிறிது நேரம் வெளுத்துத் தெரியும். கேப் உயரமாக இருப்பதால் மற்ற பற்கள் அன்று ஒன்றோடொன்று படாது. சில வாரங்களில் அது தானாகச் சரியாகிவிடும், சாப்பிட மறுக்கிறாள் என்று முதல் நாளே கழற்றச் சொல்லாதீர்கள். இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள சொத்தைக்கு, அங்கே சாதாரண அடைப்பு நிலைப்பது கடினம் என்பதால், நான் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுக்கிறேன். வெள்ளி நிறம் தெரியும் என்பதுதான் பெற்றோரின் குறை. குழந்தைகள் அதைப் பெரும்பாலும் பெருமையாகக் காட்டித் திரிகிறார்கள்.

கேள்வி: மழலையர் வகுப்பு ஆசிரியை நான். இந்த முறைகளை நேருக்கு நேர் நிறுத்திப் பெரிய அளவில் ஆய்வு செய்திருக்கிறார்களா?

பதில்: பிரிட்டனில் ஃபிக்‌ஷன் என்ற பெயரில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. பால் கடைவாய்ப்பற்களில் டென்டின்வரை சொத்தை போயிருந்த, மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 1,144 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஊசி போட்டுச் சொத்தையை எடுத்து அடைக்கும் வழக்கமான சிகிச்சையும் தடுப்பும் (பல் துலக்கும் அறிவுரை, ஃபுளோரைடு பூசுதல் போன்றவை), இன்னொன்றுக்குச் சொத்தையை மூடிவைக்கும் உயிரியல் முறையும் தடுப்பும், மூன்றாவதற்குத் தடுப்பு மட்டும். ஏறக்குறைய மூன்றாண்டுக் கண்காணிப்பில் வலியோ சீழோ கண்ட குழந்தைகள் முறையே 42, 40, 45 விழுக்காடு. இந்த வேறுபாடு ஒரு முறையை மேல் என்று சொல்லப் போதாது.

இதிலிருந்து சிகிச்சையே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. முழுமையாகச் சுரண்டி எடுப்பதால் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எந்தக் குழுவிலும் ஐந்தில் இரண்டு குழந்தைகள் வேதனைப்பட்டார்கள் என்ற எண்ணை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சொத்தை டென்டினுக்குள் போன பிறகுதான் நாம் எல்லோரும் விழித்துக்கொள்கிறோம். உங்கள் வகுப்பில் எந்தக் குழந்தையாவது ஒரே பக்கமாக மென்றால், கடிக்கும்போது நிறுத்தினால், பெற்றோருக்குச் சொல்லுங்கள்; வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் வயது அதுவன்று.

கேள்வி: இரண்டரை வயது மகனுக்கு எட்டுப் பற்களில் சொத்தை. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். சிலர் மருந்து தடவிக் காத்திருக்கலாம் என்கிறார்கள், ஆனால் பல் கறுத்துவிடுமாம்.

பதில்: தடவும் மருந்து 38 விழுக்காடு சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு. சில்வர் பாக்டீரியாவைக் கொல்கிறது, ஃபுளோரைடு பல்லை இறுக்குகிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள இதை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எதையும் சுரண்டாமல், குழியை உலர்த்தி ஒரு சிறு தூரிகையால் தொட்டுவைத்தால் போதும், பெரும்பாலான சொத்தைகள் வளர்வது நிற்கும். ஆண்டுக்கு இருமுறை தடவுவது ஒருமுறை தடவுவதைவிடப் பலன் தரும். சொத்தைப் பகுதி நிலையாகக் கறுத்துவிடும் என்பது உண்மை. கறுத்துக் கெட்டியாவதே மருந்து வேலை செய்ததன் அடையாளம். உதட்டில் பட்டால் ஏற்படும் கறை சில நாட்களில் போய்விடும். குழி மட்டும் குழியாகவே இருக்கும், உணவு சிக்கினால் துலக்கி எடுக்க வேண்டும். சில்வர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பல்கூழ்வரை போய்விட்ட பற்களுக்கும் இது ஆகாது.

மயக்கத்தைப் பொறுத்தவரை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-ல் எச்சரித்தது. ஒரேமுறை, குறுகிய நேரம் கொடுப்பதை அது அதே தட்டில் வைக்கவில்லை. எனவே வலியும் சீழும் இல்லையென்றால், மருந்து தடவிக்கொண்டு, குழந்தை நாற்காலியில் உட்காரும் வயதுவரை காலத்தைக் கடத்துவது நல்ல வழி. முன்பல் கறுத்த குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்து மனம் வாடுவதை நான் சிறிதாக எண்ணவில்லை, ஆயினும் அந்தப் பற்கள் ஆறேழு வயதில் மாறிவிடும். பல பற்களில் வலியோ சீழோ இருந்தால் மயக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போது ஒரே அமர்வில், மறுபடி திறக்கத் தேவையில்லாத உறுதியான சிகிச்சைகளாக, கேப்புகளாகவே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈறில் கொப்புளம் போல வந்து உடைந்து மறுபடி வருகிறது. இதற்கு எந்த முறை?

பதில்: மேலே சொன்ன எதுவும் இல்லை. பல்கூழ் இறந்து சீழ் வழி தேடுகிறது. பல்கூழை முழுதும் அகற்றி நிரப்புவதா, பல்லை எடுத்து இடம் காக்கும் வளையம் வைப்பதா என்பதை எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வார்கள். கன்னமோ கண்ணுக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: போன முறை ஊசி போட்ட பிறகு மகன் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். தடுக்க வழி உண்டா?

பதில்: மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதுவரை மெல்லும் உணவு வேண்டாம், தூங்கவிடாமல் கூடவே இருந்து கவனியுங்கள். கடித்த இடம் மறுநாள் வெள்ளையாகத் தெரிவதைச் சீழ் என்று பயப்பட வேண்டாம், ஆறும் புண்ணின் தோற்றம் அது.

கேள்வி: பதினெட்டு மாத மகளின் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. இப்போதே சுரண்டி எடுத்துவிட்டால் வளராதா?

பதில்: சுரண்ட அங்கே எதுவுமில்லை, இது சொத்தையின் முதல் படி. குழி விழவில்லை, தாது மட்டும் கரைந்திருக்கிறது, அது திரும்பக்கூடியது. குழந்தையை மடியில் படுக்கவைத்து, மேலுதட்டை விரலால் தூக்கி, பஞ்சால் பல்லைத் துடைத்து உலர்த்திப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போலப் பளபளப்பில்லாமல் தெரிந்தால் சொத்தை நடந்துகொண்டிருக்கிறது. இரவில் பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் இருந்தால் படிப்படியாக நிறுத்துங்கள். 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையை அரிசி மணி அளவு எடுத்து, காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே துலக்கிவிடுங்கள். மருத்துவரிடம் 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசினால் போதும். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கோடு மெல்ல ஈறிலிருந்து விலகி, மழமழப்பாகிப் பளபளக்கத் தொடங்கினால் சொத்தை நின்றுவிட்டது. பழுப்பாகிச் சொரசொரத்தால் அடுத்த வார்னிஷ் தேதிக்குக் காத்திராமல் அழைத்துப் போங்கள்.